முப்பத்திரண்டு பஞ்சு முயல்கள்

இரண்டாம் வகுப்புக்கு ஒருமுறை முயல் கதை ஒன்றை வாசித்துக் காட்டினேன். ராத்திரியில் காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு முயல் கிளம்பும். தம்பியின் குரல் ஒரு பக்கம் கேட்கும், அண்ணன் முயல் வேறு பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். கதை முடிந்த கையோடு, முன்பே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த முயல் படத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, பஞ்சும் பசையும் மேசைக்கு மேசை வைத்தேன். அரை மணி நேரம் வகுப்பில் சத்தமே இல்லை. மறுநாள் சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று முப்பத்திரண்டு முயல்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து பார்த்துவிட்டு, அந்த ஜெராக்ஸில் ஒரு பிரதி தனக்கும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் சும்மா கேட்டுவைத்தேன். "அந்த முயல் ஏன் தப்பான பக்கமாவே போச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பஞ்சு ஒட்டினோமே, அந்த முயலா டீச்சர்?" என்றாள்.

புத்தகத்தை எடுத்து நான்காம் பக்கத்தைத் திறந்தேன். அண்ணன் முயலின் வலது காது பிறந்ததிலிருந்தே மடங்கித்தான் இருக்கும், அந்தப் பக்கத்துச் சத்தம் அதற்குச் சரியாகக் கேட்காது என்று அங்கே எழுதியிருக்கிறது. படத்திலும் அந்தக் காது மடங்கித்தான் இருந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். முப்பத்திரண்டு முயல், அறுபத்து நான்கு காது, அத்தனையும் நேராக நின்றுகொண்டிருந்தன. நான் ஜெராக்ஸ் எடுத்த படம் வேறு எங்கிருந்தோ எடுத்தது. கதையின் முடிச்சே அந்தக் காதில்தான் இருக்கிறது, அதைத்தான் நான் நிமிர்த்திக் கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து வகுப்பில் எந்தக் கலைச் செயல்பாட்டைத் திட்டமிட்டாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இதைச் செய்து முடிக்க, பிள்ளை ஒருமுறையாவது மறுபடி புத்தகத்தைத் திறந்தாக வேண்டுமா? திறக்கத் தேவையில்லை என்றால் அது கைவேலை. கைவேலை செய்யட்டும், அதற்கும் நேரம் வேண்டும், விரலுக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் அதை வாசிப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. நாம் 'கதை சார்ந்த செயல்பாடு' என்று குறிப்பேட்டில் எழுதுவதில் பாதிக்கு மேல், கதையே கேட்காத பிள்ளையும் அப்படியே செய்துவிடக் கூடியது. யானைக் கதை என்றால் யானை முகமூடி, மீன் கதை என்றால் காகித மீன். கதை போய்விடும், மீன் மட்டும் மிஞ்சும்.

சரி, திறக்க வைக்கிற செயல்பாடு எப்படி இருக்கும்? படம் வரைவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் எல்லா வகுப்பிலும் நடக்கிறது.

'உனக்குப் பிடித்த காட்சியை வரை' என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் தங்களுக்கு வரையத் தெரிந்ததை வரைகிறார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, பக்கத்தில் மரம். எந்தக் கதைக்கும் அதே படம் பொருந்தும். அதற்குப் பதிலாக, படத்தைக் காட்டாமல் கதையில் ஒரு பத்தியை மட்டும் வாசித்து, அந்த இடத்தை வரையச் சொல்கிறேன். ஒருமுறை ஆடு ஒன்று கிணற்றடியில் கட்டிப்போடப்பட்டிருக்கிற பத்தி. நாலைந்து வாக்கியம்தான் இருக்கும். வரைந்து முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குள் சண்டை. ஒருத்தன் கயிற்றை மரத்தில் கட்டியிருந்தான், இன்னொருத்தி கிணற்றுத் தூணில் கட்டியிருந்தாள். "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்று இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். எனக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை, புத்தகத்தை நீட்டினேன். இரண்டு தலையும் ஒரே பக்கத்தின் மேல் கவிழ்ந்தன. விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, 'தூ...ணை...ச் சுற்றி' வரைக்கும் வந்ததும் அவள் நிமிர்ந்தாள். அவன் விடவில்லை, முந்தின வாக்கியத்திலிருந்து திரும்பவும் வாசித்தான். அதற்கு முன்னால் அந்தப் பையன் தானாக ஒரு பக்கத்தை இரண்டு தடவை வாசித்து நான் பார்த்ததே கிடையாது.

அதற்கப்புறம்தான் புத்தகத்தில் இருக்கிற ஓவியரின் படத்தைக் காட்டுவேன். இங்கே நமக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். ஓவியர் வரைந்ததுதான் சரியான விடை என்பது போலக் காட்டிவிட்டால் அடுத்த தடவை ஒருத்தரும் தைரியமாக வரைய மாட்டார்கள். 'இவங்க ஆட்டை ஏன் இவ்ளோ சின்னதா வரைஞ்சிருக்காங்க?' என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். 'அது தனியா இருக்குல்ல, அதான்' என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொன்னது. அந்தப் பத்தியில் தனிமை என்ற சொல்லே இல்லை.

வரைதலில் வயது ஒரு பெரிய விஷயம். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வியாளர் 1947இல் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். ஏழு முதல் ஒன்பது வயது வரை பிள்ளைகளுக்கு மனிதன், வீடு, மரம் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வடிவம் அமைந்துவிடுகிறது. தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, அதன்மேல் எல்லாம் வரிசையாக நிற்கும், வீட்டுச் சுவர் கண்ணாடி போல உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும். ஒன்பது வயதைத் தாண்டும்போது கண்ணால் பார்க்கிற மாதிரியே வர வேண்டும் என்ற ஆசை வருகிறது, கை அதற்கு ஒத்துழைக்காது, கூடவே பக்கத்துத் தாளோடு ஒப்பிடுவதும் ஆரம்பிக்கும். வயதுக்கணக்கை அச்சு அசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனால் நான்காம் வகுப்பு வாக்கில் 'எனக்கு வரைய வராது' என்ற குரல் திடீரென்று கேட்க ஆரம்பிப்பதை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். அழிரப்பர் சத்தம் அதிகமாகும். தாளைக் கையால் மறைத்துக்கொள்வார்கள்.

அந்த வயதில் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவது நல்லது. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒட்டச் சொல்லுங்கள். கத்தரிக்கோலும் வேண்டாம், கிழிக்கட்டும். கிழித்த காகிதத்தில் யாராலும் அச்சு அசலாக ஒரு குதிரையைக் கொண்டுவர முடியாது, அதனால் ஒப்பீடு விழுந்துபோகிறது. பேச்சு முழுக்க எங்கே ஒட்டுவது, எவ்வளவு பெரிதாக ஒட்டுவது, எந்த நிறம் என்று மாறிவிடும். அந்த மூன்றும் கதையைப் பற்றிய கேள்விகள். பயப்படுகிறவன் தாளின் எந்த மூலையில் இருப்பான்? பயமுறுத்துகிறவன் எவ்வளவு பெரிது? ராத்திரி என்று சொல்லியிருக்கிறதே, எந்த இடத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது? திரும்பவும் புத்தகம்.

வரைவதற்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்களுக்கு அது அதிகமாக நினைவில் நின்றது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், அதனால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அப்படியேதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வகுப்பில் நான் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம். பசை வேண்டாம், பின் வேண்டாம், ஒரே ஒரு வெட்டு. ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரித்துவிடுங்கள். இப்போது அகலவாக்கில் பாதியாக மடியுங்கள், இன்னொரு முறையும் பாதியாக மடியுங்கள். முழுக்கப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். அகலவாக்கில் ஒரே ஒரு தடவை மட்டும் திரும்ப மடித்து, மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியாக அடுத்த மடிப்புக்கோடு வரை வெட்டுங்கள். அதைத் தாண்டி வெட்டக் கூடாது, தாண்டினால் புத்தகம் இரண்டாகப் போய்விடும், முதல் தடவை நாலைந்து பேருக்கு அப்படித்தான் ஆகும், அதனால் கூடுதலாகத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தால் நடுவில் ஒரு பிளவு இருக்கும். தாளை நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்பக்கமாகத் தள்ளினால் பிளவு வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து அமுக்கினால் புத்தகம். அந்தக் கடைசித் தள்ளலின்போது வகுப்பே 'ஆ' என்று சொல்லும். எத்தனை வருடம் செய்தாலும் அந்த 'ஆ' எனக்குச் சலிப்பதில்லை.

முன்னட்டை, பின்னட்டை போக உள்ளே ஆறு பக்கம். இப்போது வாசித்த கதையை இந்த ஆறு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும், பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வாக்கியம். 'கதையைச் சுருக்கி எழுது' என்று கேட்டால் முதல் பத்தியை அப்படியே பார்த்து எழுதிக் கொடுக்கிற அதே பிள்ளை, ஆறு பக்கம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் கணக்குப் போட ஆரம்பிக்கிறது. மூன்று பக்கத்தை ஆரம்பத்துக்கே செலவழித்துவிட்டு நாலாவது பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த விழிப்புதான் பாடம். எதை விடலாம்? இந்த ஆள் இல்லாவிட்டால் கதை நடக்குமா? கடைகளில் கிடைக்கும் படக்கதைப் புத்தகங்களில் நிறைய 32 பக்கத்தில் முடிவதற்கும் இப்படி ஒரு மடிப்புக் கணக்குதான் காரணம் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மடிக்கும்போது 8, 16, 32 என்றுதான் பக்கங்கள் வரும். எழுதுகிறவரும் அந்த இடத்துக்குள்தான் கதையை அடக்குகிறார் என்று தெரிந்ததும், வீட்டிலிருக்கிற புத்தகங்களின் பக்கங்களை எண்ணிக்கொண்டு வருவார்கள்.

இனி நாடகம். நாடகம் என்றதும் ஆண்டு விழா நினைவுக்கு வந்து நிறைய ஆசிரியர்கள் பயந்துவிடுகிறார்கள். மனப்பாடம், உடை, ஒப்பனை, கடைசி நேரத்தில் அழுகிற ராஜா. நான் சொல்வது அது கிடையாது. கையில் தாளை வைத்துக்கொண்டு, பார்த்து, குரலால் மட்டும் நடிக்கிற வாசிப்பு நாடகம். மேடை வேண்டாம், நாலு பேர் வரிசையாக நின்றால் போதும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் கூடும் என்று ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1979இல் எழுதினார், அதற்குப் பிறகு பல வகுப்பறைகளில் அது முறையாகவே நடக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளை காரணமே இல்லாமல் ஒரு பத்தியை ஐந்து தடவை வாசிக்கும்? தடவை கூடக் கூடக் குரல் தட்டையாகிக்கொண்டே போகும். அதையே ஒத்திகை என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து தடவையும் நடக்கும், ஆறாவது தடவையும் அவர்களே கேட்பார்கள், ஏனென்றால் இப்போது அதைக் கேட்க ஆள் இருக்கிறது.

நான்காம் வகுப்பில் ஒரு பையன். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், புத்தகத்தைப் பார்ப்பான், காது மடல் சிவந்துவிடும், அப்படியே நிற்பான். கொம்பும் காலும் ஒன்றாக வருகிற எழுத்து வந்தால் போதும், 'கொ'வா 'கோ'வா என்று அங்கேயே நின்றுவிடுவான். வாசிப்பு நாடகத்தில் அவனுக்கு ஒரு கதவின் வேடம் கொடுத்தேன். பழைய வீட்டுக் கதவு பேசுகிற கதை. மூன்றே வசனம். "திறக்காதே." "நான் சொன்னேன், திறக்காதே." கடைசியில், "திறந்துவிட்டாயா?" முதல் நாள் மூன்றையும் ஒரே குரலில் எழுத்தெழுத்தாகச் சொன்னான். கூட நின்ற பெண், "கதவு பழசுடா, கிறீச்சுனு பேசும்" என்றாள். மறுநாள் கிறீச்சென்று வந்தது. மூன்றாம் நாள் அவனாகவே வந்து கேட்டான், "டீச்சர், கடைசி வசனத்துல கதவு கோவமா இருக்கா, இல்ல பாவமா இருக்கா?" எனக்கும் தெரியாது, படித்துப் பார் என்றேன். அவனுடைய வசனம் மட்டும் இருந்த தாளில் அதற்கு விடை இல்லை. முழுக் கதையையும் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தான். நிகழ்த்திக் காட்டின அன்று அவன் கேட்ட "திறந்துவிட்டாயா?"வில் கோபமே இல்லை. வகுப்பு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மூன்று வசனத்தால் அவனுக்கு வாசிப்பு வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்துப் பயிற்சி தனியாக நடந்துகொண்டுதான் இருந்தது, நடந்துதான் ஆக வேண்டும். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்குகிற திறனையும் மொழியைப் புரிந்துகொள்கிற திறனையும் பெருக்கினால் வருவது என்று 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய சூத்திரம் சொன்னார்கள். அது கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எழுத்தே பிடிபடாத பிள்ளையைப் படம் வரையச் சொல்லியும் பாடச் சொல்லியும் வருடத்தைத் தள்ளிவிடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். எழுத்து மட்டும் போதும் என்று கலையை வகுப்பிலிருந்து துரத்துவதும் அதே அளவுக்கு அநியாயம்தான்.

வாசிப்பு நாடகத்துக்குத் தமிழ் வகுப்பில் இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பிள்ளைகள் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத்தில் பார்க்கிற தமிழ் வேறு. 'ஓடிட்டிருந்துச்சு' என்று பேசுகிற பிள்ளை 'ஓடிக்கொண்டிருந்தது' என்பதை முதன்முதலில் பார்க்கும்போது அது கிட்டத்தட்ட புதுச் சொல். எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் காதில் மணி அடிப்பதில்லை, தான் வாசித்தது தனக்கே தெரிந்த சொல்தான் என்று அதற்குத் தெரியவில்லை. கதையை நாடகத் தாளாக மாற்றும்போது இந்த இரண்டு தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. கதைசொல்லியின் பகுதியைப் புத்தகத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்கிறோம். பாத்திரங்களின் பேச்சை, 'இதை நீ வீட்டில் எப்படிச் சொல்லுவே?' என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளே மாற்றுகிறார்கள். 'எங்கே போகிறாய்?' என்பதை 'எங்க போற?' என்று ஒருத்தி எழுதுகிறாள், 'பாட்டியா இருந்தா எங்கடா போறன்னுதான் கேக்கும்' என்று இன்னொருத்தன் திருத்துகிறான். யார் யாரிடம் எப்படிப் பேசுவார்கள் என்று அங்கே ஒரு விவாதமே நடக்கும். அதற்கு அவர்கள் மூல வாக்கியத்தைக் குறைந்தது மூன்று தடவை பார்த்திருப்பார்கள். பேச்சுத் தமிழை எழுத விட்டால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பில் நடந்தது நேர்மாறாக. எது எந்த இடத்துக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகு, கட்டுரை நோட்டில் பேச்சு வழக்கு வருவது குறைந்துவிட்டது.

ஒலிக்கு வருகிறேன். தமிழில் கதை வாசிக்கிறவர்களுக்குக் கையிலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது, இரட்டைக்கிளவி. சலசல, மடமட, தடதட, படபட, நறநற, குபுகுபு, கிடுகிடு. பிரித்தால் பொருள் தராது என்ற விதி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இலக்கணம் வேண்டாம், அந்தச் சத்தம் வேண்டும். மழைக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்பை நாலாகப் பிரித்தேன். ஒரு குழு தூறல், ஒரு குழு இலை, ஒரு குழு ஓடை, ஒரு குழு இடி. வாய், கை, மேசை, காகிதம் எதை வைத்து வேண்டுமானாலும் சத்தம் செய்யலாம், ஆனால் அந்தச் சொல் கதையில் வருகிற இடத்தில்தான் செய்ய வேண்டும். நான் வாசிக்க வாசிக்க எல்லாருடைய கண்ணும் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது, தங்கள் சொல் எங்கே வருகிறதென்று. 'இலைகள் சலசலத்தன' என்ற இடத்தில் பத்துப் பேர் தாளைத் தேய்த்தார்கள். அடுத்த வரியில் 'ஓடை சலசலத்தது' என்று வந்ததும் இலைக்காரர்களும் சேர்ந்து தேய்க்க, ஓடைக்காரர்கள் கத்தினார்கள், "அது எங்க சலசல!" ஒரே சொல், இரண்டு சத்தமா? இரண்டு குழுவும் உட்கார்ந்து பேசி, இலைக்கு உலர்ந்த சத்தம், ஓடைக்கு நனைந்த சத்தம் என்று பிரித்துக்கொண்டார்கள். 'நனைந்த சத்தம்' என்பது அவர்கள் சொன்னது. நாக்கை அண்ணத்தில் உருட்டி எப்படியோ அதைக் கொண்டுவந்தார்கள்.

பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு உண்டு, உண்மைதான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் யாரும் கோபிப்பதில்லை.

ஜப்பானில் காமிஷிபாய் என்று ஒரு கதை சொல்லும் முறை இருக்கிறது. 1930களில் கதைசொல்லிகள் சைக்கிளின் பின்னால் ஒரு சின்ன மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். சட்டத்துக்குள் பட அட்டைகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றாக உருவ உருவக் கதை நகரும். வகுப்பில் இதைச் செய்ய ஒரு அட்டைப்பெட்டி போதும், முன்பக்கம் சன்னல் மாதிரி வெட்டிவிட வேண்டும். படம் பார்க்கிறவர்களைப் பார்த்து இருக்கும், எழுத்து அட்டையின் பின்பக்கம், வாசிக்கிறவருக்கு மட்டும் தெரியும். இதில் ஒரு நல்ல சிக்கல் இருக்கிறது. முன்னால் தெரிகிற படத்துக்கான எழுத்தை அதே அட்டையின் பின்னால் எழுதினால் உதவாது, ஏனென்றால் அந்த அட்டை அடுக்கின் முன்னால் இருக்கிறது, வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவது கடைசி அட்டையின் முதுகு. ஆகவே முதல் படத்தின் எழுத்தைக் கடைசி அட்டையின் பின்னால் எழுத வேண்டும், இரண்டாம் படத்தின் எழுத்தை முதல் அட்டையின் பின்னால். உருவிய அட்டை அடுக்கின் கடைசிக்குப் போகும்போது கணக்கு சரியாக வந்துவிடும். இதை நான் சொல்லிக் கொடுப்பதில்லை. செய்து பார்த்து, தப்பாகப் போய், தரையில் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஐந்தாம் வகுப்புக் குழு ஒன்று அதற்கு ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துக்கொண்டது, அதற்குள் எல்லா அட்டையின் எழுத்தும் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம்.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கும் இந்தப் பெட்டி நல்லது. பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். கைப்பாவையும் அப்படித்தான், பழைய காலுறையில் இரண்டு பொத்தான் தைத்தால் போதும். எல்லாக் கூச்சமும் பாவையால் போய்விடாது. சில பிள்ளைகள் பாவையையும் பேசாமல்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள், இருக்கட்டும், தலையாட்டுகிற பாவையும் கதைக்கு வேண்டும்.

மதிப்பெண் பற்றி ஒரே வார்த்தை, போடாதீர்கள். படத்துக்கு 'அழகு' என்று கூட எழுதாதீர்கள். 'கயிறு தூணில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறாய்' என்று எழுதுங்கள்.

ஆசிரியரே வேடம் போட்டு வகுப்புக்குள் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் என்ற நாடகக் கல்வியாளர் இதைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தார். ஆசிரியர் எல்லாம் தெரிந்தவராக முன்னால் நிற்காமல், கதைக்குள்ளிருந்து உதவி கேட்கிற ஒருவராக வருகிறார், பிள்ளைகள் பதில் சொல்கிற பொறுப்பில் இருக்கிறார்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் நான் கதையில் வருகிற படகோட்டி, எடுத்துவிட்டால் டீச்சர். அந்த ஒரு அடையாளம் போதும். இதன் இன்னொரு வடிவம், ஒரு பிள்ளை பாத்திரமாக நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் கேள்வி கேட்பது. விதி ஒன்றுதான், பதில் கதைக்கு முரணாக இருக்கக் கூடாது. முரணாக இருந்தால் யார் வேண்டுமானாலும் பக்க எண்ணைச் சொல்லி மடக்கலாம். அந்த விதியைச் சேர்த்த நாளிலிருந்து நாற்காலியில் உட்காருகிறவரும் கேட்கிறவரும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

போன வருடம் அதே முயல் கதையை இன்னொரு இரண்டாம் வகுப்புக்கு வாசித்தேன். பஞ்சும் கொடுக்கவில்லை, ஜெராக்ஸும் எடுக்கவில்லை. மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடித்துப் பார்க்கலாம் என்றேன். ஒரு பையன் அண்ணன் முயல். தம்பி முயலாக ஒரு பெண் அறையின் வலது மூலையில், அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "அண்ணா! அண்ணா!" என்று கூப்பிட்டாள். அவன் நின்றான், தலையைச் சாய்த்தான், பிறகு நிதானமாக இடது பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

வகுப்பே கத்தியது. "டேய், அந்தப் பக்கம் இல்ல! இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!"

அவன் நின்றான். ஒரு கையால் வலது காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தான்.

"எனக்கு இந்தக் காது கேக்காது. நாலாம் பக்கத்துல போட்டிருக்கு, நீங்க யாரும் படிக்கலையா?"

ஒரு நொடி அமைதி. அப்புறம் அறை முழுக்கப் பக்கம் புரட்டுகிற சத்தம்.